எந்தப் பக்கத்து நாற்காலி? செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும் விவாத மேடை நெறியாளர்களுக்கும்,

திருவாரூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் 19 ஆண்டுகளாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். நீங்கள் ஒளிபரப்பிய ஒரு படம் என் வகுப்பறைக்குள் வந்து என்ன செய்தது என்று சொல்லத்தான் இந்த மடல்.

உங்களில் ஒரு தொலைக்காட்சி, முதல்முறை வாக்களிப்பவர்களுக்காக என்று சொல்லி ஒரு விளக்கப்படம் போட்டது. இரண்டே கட்டங்கள். காவிக் கட்டத்தில் 'வலதுசாரி': கடவுள் நம்பிக்கை, நாட்டுப்பற்று, வளர்ச்சி. சிவப்புக் கட்டத்தில் 'இடதுசாரி': கடவுள் மறுப்பு, போராட்டம், அரசு எதிர்ப்பு. 'நீங்கள் எந்தப் பக்கம்?' என்று கீழே ஒரு கேள்வி. பின்னணிக் குரல், இந்தப் பிரிவு நமக்கொன்றும் புதிதல்ல, சோழர் காலத்திலேயே வலங்கை, இடங்கை என்று இருந்ததுதான் என்று சொல்லி முடித்தது. ஒரு நிமிடம்கூட ஓடாத படம். ஆனால் மறுநாளே அது எல்லா வீட்டு வாட்ஸ்அப்பிலும் இருந்தது.

அந்த வாரம் எங்கள் பள்ளி இலக்கிய மன்றத்தில் நெல் கொள்முதல் பற்றி ஒரு பட்டிமன்றம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேச எழுந்தாள். அவள் அப்பாவின் நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்து வாசலில் ஆறு நாள் மழையில் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, காயவைத்துக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடைமழையில் எங்கே காயவைப்பது? நல்ல ரோட்டில் தார்ப்பாய் விரித்து அவளும் அம்மாவும் மாற்றி மாற்றிக் கிளறியதை அவள் சொல்லும்போது கூடம் அமைதியாகக் கேட்டது. மழைக்காலத்தில் மட்டுமாவது அந்த வரம்பைத் தளர்த்த வேண்டும், குவிண்டாலுக்குத் தரும் விலை உழவுக்கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று பேசிக்கொண்டே போனாள். அப்போது எதிரணியில் இருந்த ஒரு பையன் எழுந்து, "நீ இடதுசாரி. அரசாங்கத்தை எதிர்க்கிறதுதான் உங்க வேலை" என்றான். சிலர் கைதட்டினார்கள். அவள் கையில் இருந்த தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அணியில் இருந்த இன்னொருவன் சும்மா விடவில்லை. "நீ பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போறவன்தானே, நீ வலதுசாரி" என்று தொடங்கி, அதற்கு அடுத்த வசைக்கும் போய்விட்டான். பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போவது ஒரு திட்டா? எங்கள் ஊர் ஆழித்தேர் வடத்தைப் பிடிக்காத கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. பட்டிமன்றம் அதோடு முடிந்தது. நெல்லைப் பற்றி அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதுதான் என் முதல் புகார். அந்தப் பிள்ளை சொன்னதற்கு மறுப்பு சொல்லியிருக்கலாம். வரம்பைத் தளர்த்தினால் கிடங்கில் நெல் பூசணம் பிடிக்கும், அரிசி கெடும், நட்டம் யார் தலையில் விழும் என்று கேட்டிருக்கலாம். நல்ல கேள்விகள் அவை. அந்தப் பையனுக்கு அந்த அறிவு இல்லாமல் இல்லை. ஒரு சொல்லைச் சொன்னால் போதும், மறுப்பு தேவையில்லை என்று அவனுக்கு ஒவ்வொரு இரவும் காட்டியவர்கள் நீங்கள்.

மறுநாள் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இந்த இரண்டு சொற்களையும் எடுத்துக்கொண்டேன். "ரைட்டுன்னா சரின்னுதானே டீச்சர் அர்த்தம்? அப்போ ரைட் விங்னா சரியானவங்க" என்றாள் ஒருத்தி. இடக்கையால் எழுதும் ஒரு பையனைக் காட்டி, "இவன்தான் டீச்சர் இடதுசாரி" என்று சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பீச்சாங்கை என்று சொல்லிச் சொல்லிச் சின்ன வயதில் கையில் அடித்து வளர்க்கப்பட்ட பிள்ளை அவன். வலக்காலை எடுத்து வைத்து வா, வலம் வந்து கும்பிடு என்று நம் மொழியிலேயே வலத்துக்கு ஒரு மங்கலம் ஒட்டியிருக்கிறது. அந்த மங்கலமும் அந்த இழிவும் அரசியல் சொல்லுக்குள் ஓசைப்படாமல் நுழைந்துவிடுகின்றன. உங்கள் படம் அதைத் துடைக்கவில்லை, அதன்மேல் வண்ணம் பூசியது.

அவர்களுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 'புரட்சிகளின் காலம்' பாடம் நடத்தும் எந்த ஆசிரியருக்கும் தெரிந்த கதைதான்.

1789 மே மாதம் பிரான்சு மன்னர் பதினாறாம் லூயி, வெர்சாய் நகரில் மூன்று வகுப்பாரின் அவையைக் கூட்டினார். குருமார்கள், பிரபுக்கள், மற்ற எல்லோரும். தொடக்கத்தில் அவரவர் வகுப்பின்படி தனித்தனியாக உட்கார்ந்தார்கள். ஜூன் 17 அன்று மூன்றாம் வகுப்பார், நாங்களே தேசிய அவை என்று அறிவித்தார்கள். கொஞ்ச நாளில் மற்ற இரண்டு வகுப்பாரும் அதில் கலந்தார்கள். பிறப்பு பார்த்து உட்கார்ந்தவர்கள் இப்போது ஒரே கூடத்தில். அப்புறம் ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ஒரு கேள்வி வந்தது: அவை இயற்றும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம், வீட்டோ என்கிறோமே, அது மன்னருக்கு இருக்கலாமா? இருக்க வேண்டும் என்றவர்கள் அவைத்தலைவரின் வலப்பக்கம் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கூடாது என்றவர்கள் இடப்பக்கம். வலப்பக்கம் பிரபுக்களும் குருமார்களும் அதிகம் என்பது உண்மை. ஆனால் லாமெத் சகோதரர்களைப் போன்ற பிரபுக்கள் இடப்பக்கமும் இருந்தார்கள். கடைசியில், சட்டத்தைச் சில காலம் தள்ளிப்போடும் அதிகாரம் மட்டும் மன்னருக்குக் கிடைத்தது.

இவ்வளவுதான் பிறப்பு. ஒரு கூடம், ஒரு கேள்வி, இரண்டு பக்க நாற்காலிகள். கடவுள் உண்டா இல்லையா என்று அன்றைக்கு யாரும் வாக்கெடுக்கவில்லை. நாட்டுப்பற்று இரு பக்கமும் இருந்தது. இன்னும் சொன்னால், 'தேசம்' என்ற சொல்லை அன்று உரக்கச் சொன்னவர்கள் இடப்பக்கத்தார். மன்னருக்கு மேலே தேசம் இருக்கிறது என்பதுதான் அவர்கள் வாதமே. உங்கள் படத்தில் நாட்டுப்பற்று எந்தக் கட்டத்தில் இருந்தது என்று ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

அந்த ஆண்டு அக்டோபரில் பாரிசுப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்தார்கள், மன்னரைப் பாரிசுக்கே அழைத்து வந்தார்கள். அவையும் பின்னாலேயே வந்து, நவம்பரில் துயிலரி அரண்மனையை ஒட்டிய ஒரு குதிரைப் பயிற்சிக் கூடத்தில் இடம் பிடித்தது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, காரணம் தமிழ். பழந்தமிழில் சாரி என்றால் குதிரையும் தேரும் வட்டமிட்டு வரும் நடை. இடசாரி, வலசாரி என்ற சொற்கள் நம் அகராதியில் உண்டு: இடப்பக்கமாகத் திரும்பி வருவது, வலப்பக்கமாகத் திரும்பி வருவது. குதிரைக் கூடத்தில் வளர்ந்த ஓர் அரசியல் வழக்குக்கு, குதிரை நடையைச் சொன்ன சொற்களை ஒத்த சொற்கள் தமிழில் வாய்த்திருக்கின்றன. தற்செயல்தான். ஆனால் நடக்கிற ஒன்றை, திரும்புகிற ஒன்றைத்தான் அந்தச் சொற்கள் குறித்தன என்பதை மறக்க எனக்கு மனம் வரவில்லை.

பிரான்சிலேயே அது எப்படித் திரும்பியது பாருங்கள். 1791-இல் கூடிய சட்டமன்றத்தில் ஜிரோந்தினர் என்ற அரசியல் குழுவினர் இடப்பக்கம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் முடியாட்சியை ஒழித்த மாநாட்டு அவை கூடியபோது அதே ஜிரோந்தினர் வலப்பக்கம். அவர்கள் கொள்கை ஓராண்டில் தலைகீழாக மாறிவிடவில்லை. அவர்களைவிட வேகமானவர்கள் உள்ளே வந்து, இடப்பக்கத்து உயரமான படிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். கூடத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் பக்கம் மாறும். இதைச் சொல்லாமல் இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுப்பது, அளவுகோல் இல்லாமல் நீளம் சொல்வது போன்றது.

சரி, பிரான்சு தூரம். என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் என் தாத்தா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். கூலி நெல்லுக்காகச் சிறை போனவர். 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிரிந்தபோது அவர் பழைய கட்சியிலேயே இருந்துவிட்டார், அவர் தம்பி மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார். ஊர் அவர்களை எப்படிச் சொன்னது தெரியுமா? தாத்தா 'வலது'. சின்னத் தாத்தா 'இடது'. வலது கம்யூனிஸ்ட், இடது கம்யூனிஸ்ட் என்றுதான் கீழத்தஞ்சையில் பேச்சு. இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்படிச் சொல்வதைக் கேட்கலாம். ஒரு திண்ணையில் இரண்டு கட்சி ஏடுகளும், ஜனசக்தியும் தீக்கதிரும் வரும். ஒரு சுவரில் கதிர் அரிவாள், எதிர்ச் சுவரில் அரிவாள் சுத்தியல் நட்சத்திரம்.

உங்கள் காவிக் கட்டத்தை என் தாத்தாவுக்குப் போட்டுப் பாருங்கள். மிராசுதார் முன்னால் துண்டை இடுப்பில் கட்ட மறுத்த மனிதர், ஊர் வழக்கில் 'வலது'.

1967 தேர்தலில் இன்னொன்றும் நடந்தது. தி.மு.க. அணியில் சின்னத் தாத்தாவின் இடது கம்யூனிஸ்ட் கட்சி இருந்தது. அதே அணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் ஒழிய வேண்டும், வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது என்று 1959-இல் தொடங்கிய கட்சி அது. வலதுசாரிக் கட்சி என்று இந்திய அரசியல் வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவதும் அதைத்தான். அந்த இரண்டு கட்சிகளும் ஒரு பக்கம், 'வலது' கம்யூனிஸ்டான என் தாத்தா வேறு பக்கம். காரணம், அன்றைக்கு அவர்கள் முன் இருந்த கேள்வி வேறு: காங்கிரசை இறக்குவதா வேண்டாமா, அரிசிக்கு என்ன வழி, இந்தித் திணிப்புக்கு என்ன பதில். கேள்வி மாறினால் வரிசை மாறும். எங்கள் வீட்டில் அந்தத் தேர்தலின்போது அண்ணன் தம்பி இருவரும் மூன்று மாதம் பேசிக்கொள்ளவில்லை என்று அப்பா சொல்லுவார். ஆனால் சண்டை எதைப் பற்றி என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த ஆண்டு டிசம்பர் 25. கீழ்வெண்மணி. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததற்கும் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், தலித் மக்கள். அவர்கள் 'இடது' சங்கத்தார். செய்தி வந்த அன்று 'வலது' தாத்தாதான் முதலில் எழுந்து தம்பி வீட்டுக்குப் போனாராம். இடதுசாரி என்ற சொல் எங்கள் ஊரில் இத்தனை உயிர் சுமந்த சொல். அதை 'அரசு எதிர்ப்பு' என்று இரண்டு வார்த்தையில் கட்டம் கட்டியதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இப்போது வலங்கை, இடங்கைக்கு வருகிறேன். உங்கள் பின்னணிக் குரல் போகிறபோக்கில் சொன்ன அந்த ஒரு வரிதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

சோழர் கல்வெட்டுகளில் வலங்கை வேளைக்காரப் படைகள், அதாவது மன்னரைக் காக்க உறுதிபூண்ட படைகள் வருகின்றன, மெய்தான். பிற்காலத்தில் தமிழகத்துச் சாதிகளில் பலவும் வலங்கை, இடங்கை என்று இரு பெரும் பிரிவாக நின்றன, ஒவ்வொன்றுக்கும் தொண்ணூற்றெட்டுச் சாதி என்று கணக்குச் சொன்னார்கள். கைவினைஞர்களான கம்மாளர் இடங்கை. எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம், யார் வெள்ளைக் குதிரை ஏறலாம், கல்யாணப் பந்தலுக்கு எத்தனை கால் நடலாம், இவைதான் சண்டை. சென்னைப் பட்டணத்தில் 1652-லும், மறுபடி 1707-லும் பெரிய கலகம் வந்து, யாருக்கு எந்தத் தெரு என்று கும்பினியார், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், பிரித்துவிட வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தப் பிரிவு தேய்ந்து போனது. அதற்கும் இன்றைய இடதுசாரி, வலதுசாரிக்கும் ஓசையைத் தவிர ஓர் உறவும் இல்லை. வெர்சாயில் அந்தக் கூடத்தில் இருந்த யாரும் தஞ்சாவூரைப் பார்த்து நாற்காலி போடவில்லை.

தகவல் பிழை என்பதோடு இதை விட்டுவிட என்னால் முடியவில்லை. வலங்கையில் பிறந்தவர் இடங்கைக்குப் போக முடியாது. அப்பன் எந்தக் கையோ மகனும் அந்தக் கை. வெர்சாயிலோ, பிறப்பின்படி போட்டிருந்த நாற்காலிகள் கலைந்த பிறகுதான் இடதும் வலதும் வந்தன. பிரபுவின் மகன் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்காரலாம். அந்த இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லும்போது, ஒரு கருத்தை ஒரு குலமாக்கிவிடுகிறீர்கள். என் பிள்ளைகள் அதை அப்படித்தான் பிடித்துக்கொண்டார்கள். "அவங்க வீடே இடதுசாரி டீச்சர்" என்றான் ஒருவன். இந்தத் தொனியில் வேறு எதைச் சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும். சாதிப்பெயரைப் பள்ளிச் சுவரிலிருந்தும் மாணவர் மணிக்கட்டுக் கயிற்றிலிருந்தும் அகற்ற நாங்கள் படாத பாடு படுகிறோம். இன்னொரு கயிற்றை நீங்கள் திரித்துத் தராதீர்கள்.

இந்தச் சொற்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்குப் பயன் உண்டு. சமத்துவத்துக்காக இருப்பதை மாற்று என்பவரையும், மரபும் ஒழுங்கும் உடைமையும் கலையாமல் பார் என்பவரையும் மேலோட்டமாகப் பிரித்துக்காட்ட இருநூறு ஆண்டுக்கு மேலாக உலகம் அவற்றைப் பயன்படுத்துகிறது. தங்களைத் தாங்களே இடதுசாரி என்றும் வலதுசாரி என்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் ஒரே ஆள் நில உச்சவரம்பில் ஒரு பக்கமும், கோயில் நிர்வாகத்தில் இன்னொரு பக்கமும், மொழிக் கொள்கையில் மூன்றாவது ஒரு பக்கமும் இருக்கலாம். நம் ஊரில் பெரும்பாலான ஆட்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். நம் மக்களவையில் ஆளுங்கட்சி உட்காருவது அவைத்தலைவரின் வலப்பக்கம். எந்தக் கொள்கைக்காரர் ஆட்சிக்கு வந்தாலும் அந்தப் பக்கம்தான் இடம். அந்த அளவுக்கு இது ஓர் உட்காரும் இடம்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இரவு விவாதத்தில் நான்கு பேரை உட்காரவைத்து, ஒருவர் பெயருக்குக் கீழே 'வலதுசாரி சிந்தனையாளர்' என்றும், இன்னொருவர் பெயருக்குக் கீழே 'இடதுசாரி ஆதரவாளர்' என்றும் போடுகிறீர்கள். அவர் எந்த அமைப்பில் இருக்கிறார், யாருக்காகப் பேசுகிறார் என்பது தெரிவதில்லை. பேச வாய் திறக்கும் முன்பே அவர் என்ன பேசுவார் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. பேசி முடித்த பிறகு, நெல்லுக்கு என்ன விலை என்பது யாருக்கும் தெரிவதில்லை.

ஆகவே கேட்கிறேன்.

அந்த விளக்கப்படத்தை ஒளிபரப்பிய தொலைக்காட்சி, யூடியூபிலிருந்தும் சமூக ஊடகப் பக்கங்களிலிருந்தும் அதை நீக்க வேண்டும். நீக்கினால் மட்டும் போதாது. வலங்கை, இடங்கை பற்றிச் சொன்னது தவறு என்று அதே குரலில் சொல்ல வேண்டும், நாட்டுப்பற்றையும் கடவுள் நம்பிக்கையையும் ஒரு கட்டத்துக்கு எழுதிவைத்தது தவறு என்றும் சொல்ல வேண்டும்.

மற்ற எல்லோரிடமும் கேட்பது: விவாதத்துக்கு வருபவர் தாமே அப்படிச் சொல்லிக்கொண்டாலொழிய, அவர் பெயருக்குக் கீழே இந்த அடைமொழிகளைப் போடாதீர்கள். அவருடைய கட்சியை, அமைப்பை, தொழிலைப் போடுங்கள். மேடையில் ஒருவர் இன்னொருவரை "நீங்கள் இடதுசாரி, அப்படித்தான் பேசுவீர்கள்" என்றோ "வலதுசாரி வேறு என்ன சொல்வார்" என்றோ மடக்கினால், நெறியாளர் குறுக்கிட்டு, "அவர் சொன்னதற்கு உங்கள் பதில் என்ன?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி போதும். என் வகுப்பில் அதைத்தான் இப்போது விதியாக வைத்திருக்கிறேன்.

இளம் வாக்காளர்களுக்கு இந்தச் சொற்களை விளக்க விரும்பினால் தாராளமாக விளக்குங்கள். வெர்சாய்க் கூடத்திலிருந்து தொடங்குங்கள், 1964-க்கும் 1967-க்கும் வாருங்கள், பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே வரலாற்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஒளிபரப்பும் முன் ஒருவரிடம் காட்டுங்கள். நான் வரச் சொன்னாலும் வருகிறேன், பணம் வேண்டாம்.

எங்கள் பள்ளியில் அந்தப் பட்டிமன்றத்தை மறுபடி நடத்தப் போகிறோம். அந்தப் பெண் பேச ஒத்துக்கொண்டிருக்கிறாள், இந்த முறை எதிரணிப் பையன் கிடங்கு பற்றிப் படித்துக்கொண்டு வருகிறான். அதற்கு முன்பு திருத்தம் வந்தால் நன்றாக இருக்கும். அந்தப் படம் ஓடியது இரவு ஒன்பது மணிச் செய்திக்குச் சற்று முன்னால். திருத்தமும் அதே நேரத்தில் ஓட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்